சன்னலில் இருந்த தகரத் தட்டு

பேருந்துப் பணிமனையின் உதிரிபாக அறைக்குச் சன்னல் ஒன்றே ஒன்றுதான். அகலம் இரண்டடி, உயரம் ஒன்றரை அடி. அதன் அடிக்கட்டையில், விளிம்பு மடித்த தகரத் தட்டு ஒன்று பத்தொன்பது ஆண்டுகளாக இருந்துவந்தது. வண்டியிலிருந்து கழற்றிய பழைய பாகத்தையும் சீட்டையும் மெக்கானிக்குகள் அந்தத் தட்டில் போடுவார்கள். உள்ளேயிருந்து புதிய பாகம் வரும். விழும் ஓசையைக் கொண்டே, வந்தது பேரிங்கா, பெல்ட்டா, பிரேக் லைனிங்கா என்று தலையைத் திருப்பாமல் சொல்லக்கூடியவர் ஒருவர் உள்ளே இருந்தார்.

அவருக்கு வயது நாற்பத்து நான்கு. வருகைப் பதிவேட்டில் அவர் 'இருப்புக் காப்பாளர்'. பணிமனையில் வாயுள்ள அனைவருக்கும் 'ஸ்டோர் அக்கா'. அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரான ஃபோர்மேன் மட்டும், மனம் குளிர்ந்திருந்தால் 'ஏம்மா' என்பார். அவர் வாயிலிருந்தும் 'அக்கா' என்று வந்துவிட்டால், கோபம் தலைக்கேறிவிட்டது என்று பொருள்.

அந்தத் தகரத் தட்டை ஒரு திங்கட்கிழமைக் காலையில் ஸ்டோர் அக்காவே தம் கையால் எடுத்து அலமாரிக்கு அடியில் தள்ளினார். தட்டு இருந்த இடத்தில் கணினித் திரையையும் விசைப்பலகையையும் வைத்தார். பெருமையோடுதான் வைத்தார். அந்தப் பெருமைக்குப் பின்னால் மூன்றாண்டு உழைப்பு இருந்தது.

மூன்றாண்டுக்கு முன்பு பணிமனை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அதிலிருந்து இடப்பக்கக் கண்ணாடிகள் நாற்பது இறங்கின. வலப்பக்கக் கண்ணாடி மருந்துக்கும் இல்லை. அவர் நேராக அலுவலக அறைக்குச் சென்று, பட்டியல் தட்டும் தம்பியைப் பிடித்தார்.

"ஏன் தம்பி, நம்ம வண்டிக்கெல்லாம் வலது பக்கம்னு ஒண்ணு கிடையாதா?"

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான்க்கா இருக்கு."

"சரி, கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னது?"

"அது தெரியாதுக்கா. அதுல அப்படித்தான் இருக்கு."

இந்தப் பதில் அவருக்கு இரண்டு நாள் செரிக்கவில்லை. தவறு நேர்வது இயற்கை. தாமும் எத்தனையோ முறை ஒன்பதை ஆறாகப் படித்திருக்கிறார். ஆனால் அந்தத் தவறுகளுக்கெல்லாம் ஒரு முகம் இருந்தது. கூப்பிட்டுத் திட்ட முடிந்தது. இந்தத் தவறு யாருடையது என்றே தெரியவில்லை. மூன்றாம் நாள், பிற்பகலில் வகுப்பு நடத்தும் ஒரு கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். கணினித் தகவல் அமைப்பியல், மூன்றாண்டுப் பட்டப் படிப்பு, வகுப்பு நேரம் மூன்று முதல் ஆறு.

கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவர். படிவத்தைக் கைக்கெட்டிய தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"பரீட்சையெல்லாம் உண்டா?"

"உண்டாம்."

"நம்ம பொண்ணுக்கும் பரீட்சை, உனக்கும் பரீட்சை. அப்போ இந்த வீட்டுல டிவியைப் போடலாம்கிற உரிமை எனக்கு மட்டும் இல்லாமப் போச்சு."

இதைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். காலையில் இரண்டு மணி நேரம் முன்னதாக வருவது, பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்புவது என்று பணிமனையில் அனுமதி கேட்டார். மேலாளர் கையெழுத்திட்டார், 'மூன்றாண்டுக்கு மட்டும்' என்ற சொற்களை அடிக்கோடும் இட்டார்.

முதல் நாள் அவர் வகுப்பறைக்குள் நுழைந்தபோது முப்பத்தாறு மாணவர்களும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அவர் பதில் வணக்கம் சொல்லிவிட்டு, நேரே மூன்றாம் வரிசைக்குச் சென்று ஓர் இருக்கையில் அமர்ந்தார். யாரோ களுக்கென்று சிரிக்க, கூரை பறந்தது. அன்றிலிருந்து அவருக்குத் துறைத் தலைவர் என்ற பொருளில் 'ஹெச்.ஓ.டி. அக்கா' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. பட்டப் படிப்பில் அவர் முதலில் பெற்ற பட்டம் அதுதான்.

பெயர் சூட்டியவள் பக்கத்து இருக்கைக்காரி. காதில் எந்நேரமும் எதையாவது செருகிக்கொண்டிருந்ததால் அவளுக்கு ஏற்கெனவே 'இயர்போன்' என்று பெயர். காது அடைத்திருந்தாலும் வகுப்பில் நடக்கும் எதுவும் அவளுக்குத் தப்பாது.

நிரல் எழுதும் பாடம் அவரை ஒரு முறை தோற்கடித்தது. வரியின் இறுதியில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் வேலை முழுவதும் நின்றுபோவதை அவரால் மன்னிக்க முடியவில்லை. "ஒரு நட்டு இல்லேன்னா வண்டி கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். இது என்னடி, ஒரு புள்ளிக்கு உசுரையே விடுது!" என்று மகளிடம் முறையிட்டார். மறுதேர்வில் தேறினார். ஆனால் தரவுத்தளம் என்ற பாடம் வந்தபோது அவருக்குச் சொந்த வீட்டுக்குள் நுழைந்தது போலிருந்தது. ஒரு பொருளுக்கு ஓர் எண், ஓர் எண்ணுக்கு ஓர் இடம், ஒரே செய்தியை இரண்டு இடத்தில் எழுதக் கூடாது என்று ஆசிரியை கரும்பலகையில் எழுத எழுத, "இதைத்தான் நான் அலமாரியில பத்தொன்பது வருஷமாச் செய்றேன்" என்று இயர்போனிடம் முணுமுணுத்தார்.

"அப்போ ஏன் ஹெச்.ஓ.டி. அக்கா இவ்வளவு நாள் சும்மா இருந்தீங்க? புக்கு போட்டிருக்கலாமே!"

கடைசிப் பருவத்தில் செயல்திட்டம் வந்தது. ஒவ்வொருவரும் ஏதாவதொரு பணியிடத்துக்குத் தகவல் அமைப்பு ஒன்றை உருவாக்க வேண்டும். அது இருபத்தொரு நாள், இடையில் எந்த மாற்றமும் செய்யாமல், அந்த இடத்தில் ஓட வேண்டும். ஓடியதாகப் பணியிடத் தலைவர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லையேல் பட்டம் இல்லை. அடுத்த வாய்ப்பு அடுத்த பருவத்தில்தான். ஸ்டோர் அக்காவுக்கோ அடுத்த பருவம் என்று ஒன்று இல்லை. அடிக்கோடிட்ட மூன்றாண்டு இந்தப் பருவத்தோடு முடிகிறது.

ஆசிரியை அவரைவிடப் பத்து வயது இளையவர். "முதல்ல ஆளுங்களைக் கேளுங்க. யாரு என்ன செய்றாங்கன்னு கேளுங்க. கேட்டதை வரைஞ்சு பாருங்க. அதுக்கப்புறம்தான் கம்ப்யூட்டர்ல கை வைக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஸ்டோர் அக்கா கேட்டார். பன்னிரண்டு கேள்விகள் கொண்ட தாளை அச்சிட்டுக்கொண்டு பதினான்கு பேரைக் கேட்டார். மேலாளரைக் கேட்டார், மெக்கானிக்குகளைக் கேட்டார், குப்பை இரும்பு அள்ள வருபவரைக்கூட விடவில்லை. ஃபோர்மேன், வண்டிக்கு அடியில் படுத்தபடியே பதில் சொன்னார்.

"சீட்டு எழுதுறோம், தட்டுல போடுறோம், வாங்கிட்டுப் போறோம். இதுக்குக் கேள்வித்தாள் வேற! ஏம்மா, நீ இங்கதானே இருக்கே? உனக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சதையும் கேட்டுத்தான் எழுதணுமாம் அண்ணே."

"நல்ல படிப்பு!"

கேட்டவற்றை அவர் அளவுகோல் வைத்து வரைந்தார். மெக்கானிக்குக்கு ஒரு வட்டம், ஃபோர்மேனுக்கு ஒரு வட்டம், மேலாளருக்கு ஒரு வட்டம், அலமாரிக்கு ஒரு கட்டம். சீட்டிலிருந்து அலமாரிக்கு ஓர் அம்புக்குறி. கழற்றிய பழைய பாகத்துக்கு, விதிமுறைப் புத்தகத்தில் உள்ளபடி, நேரே குப்பைப் பீப்பாய்க்கு ஓர் அம்புக்குறி. ஆசிரியை படத்தைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினார். பிறகு சீட்டு அம்புக்குறியின் மேல் விரலை வைத்தார்.

"இதுக்கு நடுவுல யாரு இருக்கா அக்கா?"

"யாரும் இல்ல மேடம். நான்தான் இருக்கேன்."

வகுப்பு சிரித்தது. ஆசிரியையும் சிரித்துவிட்டு அடுத்தவரின் படத்தை எடுத்தார்.

திரை சன்னலுக்கு வந்த கதை இதுதான். மெக்கானிக் வண்டி எண்ணையும் பாக எண்ணையும் தட்டுவார். உள்ளே சீட்டு அச்சாகும். ஸ்டோர் அக்கா பொருளை எடுத்து நீட்டுவார். இருப்பு தானே குறையும். பழைய பாகம் சன்னலுக்கு வரத் தேவையில்லை. முதல் வாரம் முழுவதும் சன்னலில் வேடிக்கைதான்.

"அக்கா, டீன்னு அடிச்சா வருமா?"

"பாக நம்பர் போடுடா, வரும்."

"கல்யாணத்துக்குப் பொண்ணு?"

"இருப்பு இல்லேன்னு காட்டும்."

மேலாளர் வருவோர் போவோரையெல்லாம் அழைத்து வந்து திரையைக் காட்டினார். ஃபோர்மேன் மட்டும் இரண்டு விரலால் எண்களைக் குத்திவிட்டு, பேசாமல் போவார்.

பதினெட்டாம் நாள், நண்பகலில், பதினேழாம் எண் வண்டி மேடான சாலையில் பயணிகளோடு நின்றுவிட்டது. ஃபேன் பெல்ட் அறுந்து, இன்ஜின் கொதித்து, வெயிலில் ஐம்பது பேர் இறங்கி நடந்தார்கள். ஃபோர்மேன் அறுந்த பெல்ட்டோடு சன்னலுக்கு வந்தார். பழக்கத்தில் அதைத் தட்டு இருந்த இடத்தில் போட்டார். தட்டு இல்லாததால் பெல்ட் விசைப்பலகையின் மேல் விழ, திரை முழுவதும் ஒரே எழுத்து ஓடத் தொடங்கியது.

ஸ்டோர் அக்கா பெல்ட்டை எடுத்தார். ஒரு விளிம்பு சீவியெடுத்தது போல் தேய்ந்திருந்தது. மறு விளிம்பு புதுக் கருக்கு மாறாமல் இருந்தது.

"அண்ணே, இது பெல்ட் மேல குத்தம் இல்ல. பெல்ட் ஓடுற புல்லிச் சக்கரம் கோணிக்கிட்டு நிக்குது. பாருங்க, ஒரு பக்கமா அறுத்திருக்கு."

"பதினோரு நாள்ல இது மூணாவது பெல்ட்டு, அக்கா."

அவர் அக்கா என்றதைக் கேட்டுப் பின்னால் நின்றவர்கள் மெல்ல நகர்ந்தார்கள்.

"மூணாவதா?"

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஷிப்டுல மாத்தியிருக்கானுங்க. காலையில வண்டி கிளம்புற அவசரத்துல கழட்டுவான், மாட்டுவான். முன்னாடி கழட்டினது எப்படி இருந்துச்சுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? எல்லாப் பெல்ட்டையும் பாத்த ஒரே இடம் இந்தச் சன்னல்தான்." திரையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "உங்க டப்பா கேட்டதைக் குடுக்குது, அக்கா. நீங்க என்னிக்காவது கேட்டதை மட்டும் குடுத்திருக்கீங்களா?"

அவர் போன பிறகு ஸ்டோர் அக்கா கொல்லைப்புறம் சென்று குப்பைப் பீப்பாயைக் கவிழ்த்தார். கைகள் முழங்கை வரை கறுத்தன. அரை மணி நேரத்தில் அந்த வண்டியின் மற்ற இரண்டு பெல்ட்டுகளும் கிடைத்தன. இரண்டிலும் அதே விளிம்பு, அதே சீவல். முதல் பெல்ட் தட்டில் விழுந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பார். ஐம்பது பேர் வெயிலில் நடந்திருக்க மாட்டார்கள்.

பதினான்கு பேரைக் கேட்டோமே என்று எண்ணிப் பார்த்தார். குப்பை அள்ளுபவரைக்கூடக் கேட்டிருந்தார். சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவரைக் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

மீதமிருந்த மூன்று நாளும் வேலை முடிந்ததும் பீப்பாயைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்குக் கிளம்பினார். இருபத்தொன்றாம் நாள் மேலாளர் தாமே கூப்பிட்டனுப்பினார். படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்து இருந்தது.

"இருபத்தோரு நாள். ஒரு நட்டு கூட வித்தியாசம் இல்லை. பிரமாதம்மா!"

"சார், அந்தப் பதினேழாம் நம்பர் வண்டி…"

"அது மெக்கானிக் சைடு. உங்க சிஸ்டத்துல ஒரு குறையும் இல்லை. போய்ப் படிச்சு முடிங்க."

கையெழுத்திட்ட படிவத்தோடு அவர் வீட்டுக்கு வந்தார். சமர்ப்பிக்க நான்கு நாள் இருந்தது. படிவத்தை மேசையில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். கணவர் படிவத்தைப் பார்த்தார். மனைவியின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த கறுப்பையும் பார்த்தார்.

"கையெழுத்து வந்தாச்சுல்ல? பேசாமக் குடுத்துட்டு வந்துடு. இந்த வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணைப் பாத்து மூணு வருஷம் ஆச்சு."

"பாஸ் பண்ணிட்டு அப்புறமா சரி பண்ணும்மா. யாரு வேண்டாம்னா?" என்றாள் பிளஸ் டூ படிக்கும் மகள்.

"அப்புறம்னா எப்போடி?"

"அப்புறம்னா… அப்புறம்தான்."

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. படிவத்தைப் பைக்குள் வைக்கப் போனபோது, வேறொரு காட்சி மனத்தில் வந்து நின்றது. அவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். சன்னலில் வேறொருவர் இருப்பார். நான்காவது பெல்ட்டை வாங்க வந்த மெக்கானிக், 'ஏன் இப்படி அறுந்துக்கிட்டே இருக்கு?' என்று கேட்பார். சன்னலில் இருப்பவர் திரையைப் பார்த்துவிட்டு, 'தெரியாதுப்பா, கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு' என்பார்.

கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது என்று மூன்றாண்டுக்கு முன் கேட்டவர் அவர். இப்போது அந்தக் கேள்விக்கு விடையாக இருப்பவரும் அவரே.

மறுநாள் ஆசிரியையின் மேசையில் படிவத்தை வைத்தார். அதன் பக்கத்தில் துணிப்பையைக் கவிழ்த்தார். மூன்று பெல்ட்டுகள் விழுந்தன. ஆசிரியை நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்ன அக்கா இது?"

அவர் மூன்று விளிம்புகளையும் தொட்டுக் காட்டி, நடந்ததை வரிசையாகச் சொன்னார்.

"அக்கா, நீங்க இதைக் குடுத்தா பாஸ். அதுல சந்தேகமே இல்லை. அறிக்கையில 'குறைபாடுகள்'னு ஒரு பகுதி இருக்கு பாருங்க, அதுல இதை எழுதிடலாம். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"எழுதினா அறிக்கை சரியாயிடும் மேடம். சன்னல் சரியாகுமா?"

"மாத்தினீங்கன்னா இருபத்தோரு நாளும் முதல்லேர்ந்து எண்ணணும். இந்தப் பருவத்துல முடியாது. உங்க பர்மிஷன்?"

"இந்தப் பருவத்தோட சரி."

ஆசிரியை கோப்பிலிருந்து அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்தார். சீட்டு அம்புக்குறியின் நடுவில், பென்சிலால் வெற்று வட்டம் ஒன்றைப் போட்டார்.

"அன்னிக்கு நீங்க 'நான்தான் இருக்கேன்'னு சொன்னப்ப நானும் சிரிச்சேன் அக்கா. நான் சிரிச்சிருக்கக் கூடாது. இந்த வட்டத்தை நான் அன்னிக்கே போட்டிருக்கணும்."

ஸ்டோர் அக்கா படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். கையெழுத்திட்ட படிவத்தை இரண்டாக மடித்து, அறிக்கையோடு சேர்க்காமல், பையின் அடியில் வைத்தார். தேர்ச்சிப் பட்டியல் ஒட்டியபோது முப்பத்தாறு பெயர்கள் ஒரு பக்கமும், அவருடைய பெயர் மட்டும் தனியே 'அடுத்த பருவம்' என்பதன் கீழும் இருந்தன.

பணிமனையில் அவர் முதலில் செய்த காரியம், தகரத் தட்டை அலமாரிக்கு அடியிலிருந்து எடுத்ததுதான். திரையைப் பக்கவாட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, தட்டைப் பழைய இடத்தில் வைத்தார். ஃபோர்மேன் அதைப் பார்த்தார். கல்லூரிச் சேதி முழுவதும் அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது. அவருடைய வயிற்றுக்குள் எந்தச் செய்தியும் தங்காது என்பதால், அவரிடமிருந்து பணிமனைக்கும் எட்டியிருந்தது.

"கையெழுத்துப் போட்ட தாளை வெச்சுக்கிட்டு ஃபெயில் ஆன ஆளை நான் இப்பத்தான் பாக்கிறேன், ஏம்மா."

"ஃபெயில் இல்ல அண்ணே. அடுத்த பருவம்."

"ரெண்டு மணிக்கு மேல சன்னலுக்கு, இத்தனை நாள் மாதிரியே, டயர் செக்ஷன்காரனைப் போடுறேன். மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"அவர் அடிக்கோடு போட்டிருக்காரு."

"அவர் அடிக்கோடு போட்டா, நான் பதினேழாம் நம்பர் வண்டியில அவரை ஏத்தி அனுப்புறேன்."

மேலாளரிடம் அவர் என்ன பேசினாரோ, அனுமதி ஆறு மாதம் நீண்டது. இந்த முறை அடிக்கோடு இல்லை.

இனி அந்த வெற்று வட்டத்தை நிரப்ப வேண்டும். தன்னைத் தானே கேட்டுக்கொள்வது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை. கேள்வித்தாளை எடுத்து, 'நீங்கள் என்ன செய்கிறீர்கள்?' என்ற முதல் கேள்விக்கு 'பொருள் கொடுக்கிறேன்' என்று எழுதியதோடு பேனா நின்றுவிட்டது. கடைசியில், பட்டம் உறுதியாகி வேலை எதுவும் இல்லாமல் இருந்த இயர்போனை அழைத்தார். அவள் இரண்டு நாள் காலையில் வந்து, கவிழ்த்த மரப்பெட்டி ஒன்றின்மேல் குறிப்பேட்டோடு அமர்ந்தாள். காதில் எதுவும் இல்லை.

தட்டில் ஒரு பிரேக் லைனிங் விழுந்தது. ஸ்டோர் அக்கா எடுத்தார், புதியதை நீட்டினார்.

"நில்லுங்க, நில்லுங்க. ஏன் மோந்து பாத்தீங்க?"

"நான் எங்கே மோந்தேன்?"

"மூக்குகிட்டக் கொண்டு போனீங்க அக்கா. நான் பாத்தேன்."

"அது… கருகின வாடை வருதான்னு. பிரேக் விடாம இழுத்துக்கிட்டே ஓடியிருந்தா வாடை வரும்." அவர் தம் கையையே பார்த்தார். "நான் எப்பவும் இப்படியா பண்றேன்?"

"இன்னிக்கு மட்டும் ஏழு தடவை. நாலு தடவை நகத்தால கீறினீங்க. பேரிங்கைக் காதுகிட்ட வெச்சுச் சுத்தினீங்க. ஒரு பெல்ட்டை வெளிச்சத்துல பிடிச்சு, 'போன மாசமும் இவன்தானே வந்தான்'னீங்க."

"சொன்னேனா?"

"சத்தமா. அந்த அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுட்டுப் போனாரு."

பத்தொன்பது ஆண்டுகளில் தாம் என்ன செய்துவந்தோம் என்பதை அவர் இரண்டு காலைகளில் தெரிந்துகொண்டார். குறிப்பேட்டில் பதின்மூன்று வகைத் தேய்மானங்கள் இருந்தன: ஒரு விளிம்பு சீவியது, நடுவில் குழிந்தது, கருகியது, நீலம் பாரித்தது, வெடிப்பு விட்டது என்று. திரையில் அவர் இப்போது புதிதாக இரண்டு செய்திகளைச் சேர்த்தார். முதலாவது, 'பழையது எப்படி இருக்கிறது?' என்ற கேள்வி; பதின்மூன்றில் ஒன்றைத் தேர்ந்தால்தான் சீட்டு அச்சாகும். இரண்டாவது, அதே வண்டிக்கு அதே பாகம் இதற்கு முன் எப்போது, எந்த நிலையில் கழன்றது என்ற பட்டியல். பதின்மூன்றுக்கும் கீழே ஒரு வெற்று வரியை விட்டுவைத்தார். 'இவற்றுள் எதுவும் இல்லை, பார்த்ததை எழுதுக.'

வீட்டில் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"உன் கண்ணு, மூக்கு, காது எல்லாத்தையும் எடுத்து டப்பாவுக்குள்ள போட்டுட்டே. அப்போ நீ எதுக்கு?"

"ரெண்டு மணிக்குக் கிளம்பிப் போறதுக்கு."

சிரித்தாலும், அந்தக் கேள்வி அவரை விடவில்லை. பல நாள் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து அதையே எண்ணிக்கொண்டு போனார். தமக்குத் தெரிந்ததெல்லாம் பதின்மூன்று வரிதானா என்று ஒரு நாள் வருத்தமாக இருந்தது. பதின்மூன்று வரி இருக்கிறதே என்று மறுநாள் வியப்பாக இருந்தது.

புதிய இருபத்தொரு நாள் தொடங்கியது. இருபதாம் நாள் பிற்பகல், அவர் கல்லூரியில் இருந்த நேரத்தில், ஒன்பதாம் எண் வண்டியின் முன்சக்கரப் பேரிங்கை ஃபோர்மேனே கழற்றிக்கொண்டு வந்து தட்டில் போட்டார். சன்னலில் டயர் பிரிவுக்காரர் இருந்தார்; பேரிங்கைப் பற்றி அவருக்கு அது உருண்டை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நடந்ததை ஃபோர்மேனே மறுநாள் காலையில் வந்து சொன்னார். சொல்வதற்கு முன் சன்னலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"உன் டப்பா என்னைக் கேள்வி கேக்குது, ஏம்மா. பழையது எப்படி இருக்குன்னு சொன்னாத்தான் பொருள் குடுக்குமாம்!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முப்பது வருஷமாப் பேரிங் மாத்துறேன், என்னையே கேக்குறியாடான்னு அவனைத் திட்டினேன். அவன் 'நான் கேக்கல அண்ணே, இது கேக்குது'ங்கிறான். சரின்னு பாத்தேன். சூட்டுல நீலம் பாரிச்சிருந்தது. அடிச்சேன். உடனே ஒரு பட்டியலைக் காட்டுது. அதே வண்டி, அதே சக்கரம், பத்தொன்பது நாளைக்கு முன்னாடி கழட்டினதும் நீலம்."

"பத்தொன்பது நாளைக்கு முன்னாடியா? நான்தானே இருந்திருப்பேன்! நான் சொல்லலையா?"

"நீ சொன்னியாம். கிரீஸ் போட்டியான்னு கேட்டியாம். பய போட்டிருக்கான். போட்ட கிரீஸ் எங்க போச்சுன்னு யாரும் பாக்கல. நேத்து போய்ப் படுத்துப் பாத்தேன். கிரீஸை உள்ள நிறுத்துற சீல் கிழிஞ்சு தொங்குது. இன்னும் ரெண்டு நாள் ஓடியிருந்தா சக்கரமே பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கும்."

அவர் கையை நீட்டினார்.

"தாளைக் குடு. எங்க போடணும்?"

படிவத்தில் கையெழுத்துக்கு ஒரே ஒரு கோடுதான் இருந்தது. அது மேலாளருக்கு உரியது. ஸ்டோர் அக்கா அளவுகோலை எடுத்து, அதற்குக் கீழே இன்னொரு கோட்டை இழுத்து, 'பயன்படுத்துபவர்' என்று எழுதினார். கல்லூரியில் இதை ஏற்பார்களா என்று அவர் யோசிக்கவில்லை. ஃபோர்மேன் கையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார். அப்படியும் தாளின் ஓரத்தில் பெருவிரல் அளவுக்கு எண்ணெய்க் கறை விழுந்தது.

"அடடா! வேற தாள் இருக்கா?"

"வேண்டாம் அண்ணே. இதுவே இருக்கட்டும்."

அது இருபத்தொன்றாம் நாள்; அன்றே மேல்கோட்டிலும் கையெழுத்து விழுந்தது. ஆசிரியை கறையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் முத்திரையிட்டார். அந்தப் பருவத்தின் பட்டியலில் இருந்த ஒரே பெயர் அவருடையதாக இருந்ததால், முதல் இடமும் அவருக்கே என்று இயர்போன் எல்லோரிடமும் பரப்பிவிட்டாள்.

பட்டியல் வெளியான மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல் முதுகைக் காட்டியபடி அலமாரியில் பொருள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தட்டில் ஏதோ விழுந்தது. பேரிங்கின் ஓசை இல்லை, லைனிங்கின் ஓசையும் இல்லை. கை அலமாரியிலேயே நின்றது. இரண்டு நொடி யோசித்துப் பார்த்தார், தெரியவில்லை.

திரும்பி, தட்டின் அருகே வந்தார். கிடந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், நகத்தால் கீறினார், மூக்குக்கு அருகே கொண்டு போனார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, பதின்மூன்று வரிகளுக்கும் கீழே இருந்த வெற்று வரியில் எழுதத் தொடங்கினார்.